நான் யார் என்ற தடுமாற்றம்: தன்னடையாளத்தை உருவாக்கிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

உனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் விடை வராமல் திகைப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களோ அந்தக் கூட்டத்தின் பேச்சையும் சிரிப்பையும் ஏற்றுக்கொண்டு, தனிமைக்குத் திரும்பியதும் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் உணர்பவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் பாடுபட்டு அடைந்த பொறுப்பில் அமர்ந்த பிறகு, இது வேறு யாருக்கோ உரிய வாழ்க்கை என்று தோன்றி அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். நான் யார் என்று எனக்கே தெரியவில்லை என்று இவர்கள் சொல்லும்போது அதில் மிகை எதுவும் இல்லை. இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்படுகிறது.

இதன் அடிப்படைக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தன்னடையாளம் மனத்தின் அடியில் எங்கோ முழு உருவத்துடன் கிடப்பதாகவும், ஆழமாக யோசித்தால் ஒருநாள் கையில் அகப்படும் என்றும் பலரும் நம்புகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. சிலவற்றைச் செய்து பார்த்து, அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, தேர்ந்தவற்றோடு கொஞ்சகாலம் நிலைத்து நிற்பதன் வழியாகவே அது உருவாகிறது. தன்னை ஆராய்வதற்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அந்த ஆராய்ச்சிக்குச் செயல்கள் மூலப்பொருளாக வேண்டும். செயலே இல்லாமல் ஆராயத் தொடங்குபவர்கள்தாம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

முதல் படி: எந்த வகைத் தடுமாற்றம் என்று அறிதல்

அடையாள நெருக்கடி என்னும் சொற்றொடரை உலகெங்கும் பரப்பியவர் உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன். 1902 இல் ஜெர்மனியில் பிறந்த அவர், தம்மைப் பெற்ற தந்தை யார் என்பதை இறுதிவரை அறியவில்லை. மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயருடன் வளர்ந்து, 1939 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற காலத்தில் எரிக்சன் என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். நெருக்கடி என்று அவர் குறித்தது பேரழிவை அன்று; பாதை இரண்டாகப் பிரியும் திருப்புமுனையைத்தான். நேற்றும் இன்றும் நான் ஒருவனே, நான் ஒருத்தியே என்ற உள்ளுணர்வும், சுற்றியிருப்பவர்கள் அதை ஏற்று மதிப்பதும் சேர்ந்தால்தான் அடையாளம் உறுதிப்படும் என்று அவர் எழுதினார். அதில் இரண்டாம் பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எரிக்சனின் கருத்தை அளந்து பார்க்கத்தக்க வடிவில் 1966 இல் வகுத்தவர் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா. அவர் இரண்டு கேள்விகளை முன்வைத்தார். மாற்று வழிகளை இவர் தேடிப் பார்த்திருக்கிறாரா? ஏதாவது ஒன்றில் உறுதி கொண்டிருக்கிறாரா? இவற்றுக்கான விடைகளிலிருந்து நான்கு நிலைகள் பிறக்கின்றன. தேடலும் இல்லை, உறுதியும் இல்லை என்றால் அது சிதறிய நிலை. தேடாமலே பெற்றோரோ சமூகமோ தந்ததை ஏற்று உறுதியாக நிற்பது முன்கூட்டியே மூடப்பட்ட நிலை. உறுதி ஏற்படாமல் தீவிரமாகத் தேடிக்கொண்டிருப்பது தேடல் நிலை. தேடிப் பார்த்துத் தேர்ந்துகொண்டது எய்திய நிலை.

இப்போது ஒரு தாளை எடுத்து, வேலை, நம்பிக்கைகள், நெருங்கிய உறவுகள், பொதுவாழ்வு பற்றிய கருத்துகள், உடலும் தோற்றமும், ஓய்வுநேர ஈடுபாடுகள் என்று துறைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்தவுடன் ஒன்றைக் கவனிப்பார்கள்: எதுவுமே தெரியவில்லை என்று அவர்கள் நினைத்திருந்தது உண்மையில் ஒன்றிரண்டு துறைகளில் மட்டுமே பொருந்துகிறது. நட்பில் தாம் எப்படிப்பட்டவர் என்பதில் ஐயமே இல்லாத ஒருவர், தொழிலில் மட்டும் சிதறிய நிலையில் இருக்கலாம். எந்தத் துறை தளர்ந்திருக்கிறதோ அதைப் பெயரிட்டு அழைத்தாலே பாரம் கணிசமாகக் குறையும்.

நிலைக்கு ஏற்ப வேலையும் மாறும். சிதறிய நிலையில் இருப்பவருக்கு நான்காம் படியும் ஆறாம் படியும் முதன்மையானவை. மூடப்பட்ட நிலையில் இருந்து அண்மையில் விழித்துக்கொண்டவருக்கு ஐந்தாம் படியில்தான் பெரும்பகுதி உழைப்பு இருக்கும். நெடுங்காலமாகத் தேடிக்கொண்டே இருப்பவர் மூன்றாம் படியையும் ஏழாம் படியையும் தவிர்க்கவே கூடாது.

இரண்டாம் படி: மருத்துவ உதவி தேவைப்படுமா என்று பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மனச்சோர்வு நோய் இருக்கும்போது எதிலும் ஆர்வம் எழாது. அதை அடையாளமின்மை என்று தவறாக எண்ணிக்கொண்டால், சிகிச்சையால் தீரக்கூடிய ஒன்றோடு தத்துவக் கேள்வியாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். தன்னையே வெளியிலிருந்து பார்ப்பதுபோலவும், சுற்றியிருப்பவை மெய்யல்ல என்பதுபோலவும் அடிக்கடி தோன்றினால், அதுவும் மனநல மருத்துவர் அறிந்து கையாளக்கூடிய ஒரு நிலைதான். தன்னைப் பற்றிய எண்ணம் நிலையாக இல்லாமல் வெகுவாக மாறிக்கொண்டே இருப்பது, உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையின்றித் தத்தளிக்கும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்ற மனநலக் கோளாறின் ஒன்பது அளவுகோல்களுள் ஒன்று. அந்தக் கோளாறு என்று உறுதிசெய்ய அவற்றுள் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்பதால், ஒன்றை மட்டும் வைத்து யாரும் தமக்குத் தாமே நோய்ப்பெயர் சூட்டிக்கொள்ளக் கூடாது. வன்முறையோ பெரும் இழப்போ நிகழ்ந்த பிறகு இந்தத் தடுமாற்றம் தொடங்கியிருந்தாலும், ஒவ்வோர் அசைவையும் கட்டுப்படுத்தும் ஒருவரோடு வாழ்ந்துகொண்டிருந்தாலும், முதலில் பாதுகாப்பும் துணையும் வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிட்டு, அவசர உதவியையோ நம்பிக்கையான ஒருவரையோ உடனே நாடுங்கள்.

மூன்றாம் படி: சுழலும் சிந்தனையை நிறுத்துதல்

தன்னைப் பற்றிச் சிந்திப்பதில் இரண்டு வகை உண்டு. ஆர்வத்தால் தன்னை ஆராய்வது ஒன்று. அச்சத்தாலும் இழப்புணர்வாலும் அதே கேள்வியை அரைத்துக்கொண்டே இருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து அளக்கும் வினாநிரலை டிராப்னெல், காம்ப்பெல் ஆகிய உளவியலாளர்கள் 1999 இல் வெளியிட்டார்கள். பெல்ஜிய உளவியலாளர் கோன் லாய்க்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008 இல் இந்த வேறுபாட்டை அடையாளத் தேடலுக்கே பொருத்திக் காட்டினார்கள். தேடுவது போலத் தோன்றினாலும் முடிவின்றிச் சுழலும் தேடல், மன உளைச்சலோடும் குறைந்த தன்மதிப்போடும் சேர்ந்தே காணப்பட்டது.

எது எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு. அரைமணி நேரம் யோசித்து முடித்தபோது, முன்பு தெரியாத ஒரு தகவலோ நாளை செய்யக்கூடிய ஒரு செயலோ கையில் இருந்தால் அது ஆராய்ச்சி. தொடங்கிய இடத்திலேயே, முன்பைவிடக் களைப்போடு நின்றால் அது சுழற்சி. சுழற்சி என்று தெரிந்தால், அதற்கென்று நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்கி, அந்த நேரத்திலும் எழுதிக்கொண்டு மட்டுமே யோசியுங்கள். நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்ற கேள்வியை விட்டுவிட்டு, இன்று எந்த நேரத்தில் எனக்கு இந்த வெறுமை வந்தது, அப்போது யாருடன் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேளுங்கள். எழுதும்போது நான் என்பதற்குப் பதிலாக உங்கள் பெயரையே பயன்படுத்தி, வேறொருவருக்கு அறிவுரை சொல்வதுபோல எழுதிப் பாருங்கள். உளவியலாளர் ஈதன் கிராஸ் முதலியோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வுகளில், இவ்வாறு தம்மைப் பெயர் சொல்லி விளித்தவர்கள் பதற்றமான சூழலைச் சற்று எட்ட நின்று பார்க்க முடிந்தது தெரியவந்தது.

நான்காம் படி: சான்றுகளைச் சேர்த்தல்

தன்னைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்பவருக்கும் உண்மையில் நிறையத் தெரிந்திருக்கும். அது சொற்களாக வெளிவராமல் இருக்கிறது, அவ்வளவுதான். உளவியலாளர் ஸ்டான்லி கிளைனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996 இல் விவரித்த ஒரு கல்லூரி மாணவியின் நிகழ்வு இதற்குப் பொருத்தமானது. தலையில் அடிபட்டு அண்மை மாதங்களின் நினைவுகளைத் தற்காலிகமாக இழந்திருந்த நேரத்தில், தம் குணங்கள் எத்தகையவை என்று அவர் மதிப்பிட்டார். நினைவுகள் திரும்பிய பிறகு மீண்டும் கேட்டபோது அவர் தந்த மதிப்பீடு, முன்னதோடு பெரிதும் ஒத்திருந்தது. நிகழ்ச்சிகள் நினைவில் இல்லாதபோதும், தான் எப்படிப்பட்டவர் என்ற அறிவு வேறோரிடத்தில் நின்றிருந்தது.

ஆகவே ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் எழுதுங்கள். உங்களைப் பற்றிய கருத்துகளை அதில் எழுத வேண்டாம். நடந்தவற்றை மட்டும் எழுதுங்கள். யாரும் கேட்காமலே எதற்காக நேரம் செலவிட்டீர்கள்? பணம் கையில் இருந்தபோது முதலில் எதற்குப் போயிற்று? எந்த வேலையின்போது நேரம் போனதே தெரியவில்லை? எந்த உரையாடலுக்குப் பிறகு மனம் தெளிந்திருந்தது, எதற்குப் பிறகு சோர்ந்திருந்தது?

இவற்றைவிடப் பயனுள்ள இரண்டு சான்றுகள் உண்டு. அவை கோபமும் பொறாமையும். இவை வெட்கப்பட வேண்டியவை என்று கற்றுக்கொண்டிருப்பதால் நாம் அவற்றை உற்றுப் பார்ப்பதில்லை. எதிலும் அக்கறை இல்லை என்று உறுதியாகச் சொல்லும் ஒருவர், கூட்டத்தில் கூச்சமுள்ள ஒருவரின் பேச்சை மற்றொருவர் இடைமறித்து விழுங்கும்போது கொதித்துப் போகிறார் என்றால், எல்லோருக்கும் சமமாகப் பேச இடம் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய ஆழ்ந்த விழுமியம். அவர் அதைத் தேர்ந்தெடுத்ததாக நினைவில்லை. ஆனால் அது அவரிடம் வேலை செய்துகொண்டிருக்கிறது. அற்பமாகத் தோன்றும் எரிச்சல்களையும் விடாமல் எழுதுங்கள். ஒழுங்கற்ற வேலை, பொய்யான புகழ்ச்சி, வீணாக்கப்படும் பொருள், கடமையைத் தட்டிக்கழிப்பது என்று எது உங்களைத் தைக்கிறதோ, அதன் மறுபக்கத்தில் நீங்கள் மதிக்கும் ஒன்று இருக்கும்.

பொறாமையைக் கையாளும்போது ஒரு கூடுதல் கேள்வி தேவை. அந்த மனிதர் பெற்ற பலனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனா, அவர் நாள்தோறும் செய்யும் வேலையைப் பார்த்தா? எழுத்தாளரின் புகழை விரும்புபவர்கள் ஏராளம். விடியற்காலையில் எழுந்து ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பத் திருத்தும் வாழ்க்கையை விரும்புபவர்கள் சிலர்தாம். முதல் வகைப் பொறாமை மதிக்கப்பட வேண்டும் என்ற பொதுவான ஏக்கத்தைக் காட்டுகிறது. இரண்டாம் வகைப் பொறாமை எதிர்ப்பட்டால், அதைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் முழுவதையும் ஒரே அமர்வில் படித்து, மூன்று முறைக்கு மேல் திரும்ப வந்தவற்றை மட்டும் தனியே எழுதுங்கள். நான்கைந்து வரிகளுக்கு மேல் இராது. அது போதும்.

ஐந்தாம் படி: யாருடைய குரல் என்று பிரித்தறிதல்

மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்வதிலிருந்தே நம்மைப் பற்றிய உணர்வு பிறக்கிறது என்று சமூகவியலாளர் சார்ல்ஸ் கூலி 1902 இல் எழுதினார். கற்பனை என்ற சொல் இங்கே முக்கியமானது. நம்மை ஆட்டுவிப்பவை பெரும்பாலும் பிறர் சொன்னவை கூட அல்ல. அவர்கள் நினைப்பதாக நாம் நினைப்பவை.

உளவியலாளர் டோரி ஹிக்கின்ஸ் 1987 இல் முன்வைத்த கோட்பாடு இதைப் பிரித்துப் பார்க்கக் கைகொடுக்கும். நான் இருக்கும் விதம், நான் இருக்க விரும்பும் விதம், நான் இருந்தாக வேண்டிய விதம் என்று மூன்று உருவங்கள் நம்முள் உள்ளன. ஒவ்வொன்றையும் நம் பார்வையிலிருந்தும் காணலாம், நமக்கு முக்கியமான இன்னொருவரின் பார்வையிலிருந்தும் காணலாம். விரும்பும் உருவத்துக்கும் நடப்புக்கும் இடையே விரியும் பள்ளம் ஏமாற்றத்தையும் துயரத்தையும் தருகிறது என்றும், கடமையுருவத்துக்கும் நடப்புக்கும் இடையே விரிவது பதற்றத்தைத் தருகிறது என்றும் அவர் கூறினார். எனவே, உங்களை வாட்டுவது துயரமா பதற்றமா என்பதே ஒரு துப்பு.

செய்ய வேண்டியது இது. நான் இப்படி இருக்க வேண்டும் என்று தொடங்கும் வாக்கியங்களை மனத்தில் தோன்றும் வரிசையிலேயே எழுதுங்கள். இருபது வரை வரட்டும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, அது எவருடைய குரலில் கேட்கிறது என்று அருகில் குறியுங்கள். தந்தை, ஆசிரியர், பழைய நண்பர், திரையில் மட்டுமே பார்த்த ஒருவர், பெயரற்ற நாலு பேர் என்று பலரும் வருவார்கள். பிறகு, இதை எதிர்பார்த்த அந்த மனிதருக்கு எதுவுமே தெரியவராது என்றால் நான் இதைத் தொடர்ந்து செய்வேனா என்று கேட்டு, வைத்துக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது, இன்னும் தெரியாதது என்று மூன்றாகப் பிரியுங்கள்.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. பிறரிடமிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. தாயிடம் பெற்ற நேர்மையும் ஆசிரியரிடம் பெற்ற பொறுமையும் இரவல் பொருள்கள் அல்ல. ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து அவை முழுமையாக உங்களுடையவை. எல்லாவற்றையும் உதறினால்தான் தன்னைக் காணலாம் என்று எண்ணி, நல்லவற்றையும் சேர்த்து எறிந்துவிட்டு, வெறுங்கையோடு நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஆறாம் படி: சிறு சோதனைகள்

எரிக்சன் இளமையில் ஓவியராக ஐரோப்பாவில் சுற்றித் திரிந்தவர். 1927 இல், நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று, வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் குழந்தைகளுக்குக் கற்பிக்கச் சென்றார். அங்குதான் உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்டோடு பழக்கம் ஏற்பட்டு, உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றார். தாம் குழந்தைகளின் மனத்தை ஆராயப் பிறந்தவர் என்று தீர்மானித்துக்கொண்டு அவர் ரயில் ஏறவில்லை. கைக்கு எட்டிய ஒரு வேலையை ஏற்றுச் செய்தபோது, அந்த வேலை அவரை இன்னோரிடத்துக்குக் கொண்டுசென்றது.

நல்ல சோதனை எப்படி இருக்க வேண்டும்? முதலில் அது மெய்யான செயலாக இருக்க வேண்டும். கற்பிப்பதைப் பற்றிய காணொளிகளைப் பார்ப்பது சோதனை ஆகாது, ஒரு குழந்தைக்கு நான்கு வாரம் கணக்குச் சொல்லிக்கொடுப்பது சோதனை. அடுத்து, அதற்கு முடிவுத் தேதி வேண்டும். தேதி இல்லாவிட்டால் விட்டுவிடும்போது தோல்வியாகத் தோன்றும். தேதி இருந்தால் முடிவடைந்ததாகத் தோன்றும். மூன்றாவதாக, பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும். வேலையைத் துறப்பதும் உறவை முறிப்பதும் முதல் சோதனைகள் ஆகக் கூடாது. முடிந்தவரை பிறரும் பங்கேற்கும் செயலைத் தேர்ந்தெடுங்கள். நாம் தனியே கண்ணாடி முன் நின்று காணாத குணங்களை, கூட வேலை செய்பவர்கள் ஒரே வாரத்தில் சொல்லிவிடுவார்கள்.

எதைச் சோதிப்பது என்று தெரியாவிட்டால், நான்காம் படியில் திரண்ட வரிகளிலிருந்து ஒன்றை எடுங்கள். ஹேசல் மார்கஸ், பாலா நூரியஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1986 இல், நாம் ஆகக்கூடியவை, ஆக விரும்புபவை, ஆகிவிடுவோமோ என்று அஞ்சுபவை ஆகிய வருங்கால உருவங்களும் இன்றைய தன்னுணர்வின் பகுதியே என்று விளக்கினார்கள். அஞ்சும் உருவத்தையும் எழுதிப் பார்ப்பது பயன் தரும்; எந்த வாழ்க்கையைத் தவிர்க்க விரும்புகிறோம் என்பதில் நமக்குப் பெரும்பாலும் குழப்பமே இருப்பதில்லை.

முதல் நாளே பிடித்ததா என்று கேட்காதீர்கள். புதிய செயல் எதுவும் முதலில் கூச்சமாகவே இருக்கும். கடினமான பகுதி முடிந்த மறுநாள், அதை மீண்டும் செய்ய மனம் ஒப்புகிறதா என்று கவனியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சோதனைகளுக்கு மேல் வேண்டாம்.

ஏழாம் படி: ஒன்றைத் தேர்ந்து நிலைத்தல்

நெடுநாள் தேடுபவர்கள் இங்கேதான் பின்வாங்குகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தால் மற்ற கதவுகள் மூடிவிடுமே என்ற அச்சம் நியாயமானதுதான். சில கதவுகள் மூடத்தான் செய்யும். ஆனால் ஒரு துறையில் திறமையும், அங்கே உள்ளவர்களின் நம்பிக்கையும், ஆழத்தில் மட்டுமே தெரியவரும் இன்பங்களும், நிலைத்து நிற்காதவருக்கு வாய்ப்பதில்லை. வாழ்நாள் முழுவதற்கும் என்று சபதம் செய்ய வேண்டியதில்லை. ஓராண்டு என்று காலம் குறித்து, அதைப் பிறரிடம் சொல்லி, அதற்குரிய பொறுப்பு ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். இடையில் சலிப்பு வருவதால் மட்டும் விலக வேண்டாம். நீங்கள் மதிப்பதற்கு எதிராக நடக்க வேண்டியிருந்தால் விலகுங்கள்.

எட்டாம் படி: வாழ்க்கையைக் கதையாக எழுதுதல்

நேற்றைய நானும் இன்றைய நானும் ஒருவரே என்ற உணர்வைத் தருவது பெருமளவில் நாம் நமக்குள் சொல்லிக்கொள்ளும் கதைதான் என்று உளவியலாளர் டான் மக்காடம்ஸ் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து எழுதி வருகிறார். உங்கள் வாழ்க்கையை அத்தியாயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பிட்டு, உச்சமான ஒரு நிகழ்ச்சியையும் தாழ்ந்த ஒரு நிகழ்ச்சியையும் திருப்பம் ஒன்றையும் எழுதுங்கள். எழுதியதைப் படிக்கும்போது, கதையில் எல்லாம் உங்களுக்கு நேர்கின்றனவா, நீங்கள் எதையாவது செய்கிறீர்களா என்று பாருங்கள். மிகக் கடினமான காலங்களிலும் நீங்கள் எடுத்த முடிவுகள் சில இருக்கும். விடுபட்டிருந்தால் சேர்த்து எழுதுங்கள். துயரத்துக்கு வலிந்து நல்ல முடிவு ஒட்ட வேண்டாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம்மைப் பாதித்த நிகழ்ச்சிகளைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். அந்த அளவே நல்ல வரம்பு. எழுதும்போது தாங்க முடியாத அளவுக்குப் பழைய காயம் திறந்தால், தனியாகத் தொடராமல் உளவியல் ஆலோசகரின் துணையோடு எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: மனிதர்களிடையே வாழ்ந்து பார்த்தல்

ஒருவரை அறிந்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை சமூக உருவங்கள் அவருக்கு உண்டு என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இலேயே எழுதினார். அலுவலகத்தில் ஒரு விதமாகவும் நண்பர்களிடம் வேறு விதமாகவும் இருப்பது போலித்தனம் ஆகாது. கவலைக்குரியது உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகாட் 1960 இல் விவரித்த பொய்த்தன்மை: பிறருக்கு இணங்கி இணங்கி, எந்த இடத்திலும் தானாக எழும் உணர்வுக்கு வழியே இல்லாமல் போவது. ஆகவே, எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி இருக்க முயல வேண்டாம். ஒப்பனையின்றி இருக்கக்கூடிய ஓரிடமாவது, ஒரு மனிதராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை உருவாக்குவதே இந்தப் படியின் வேலை.

மாறத் தொடங்கும்போது நெருங்கியவர்களிடமிருந்து எதிர்ப்பு வரலாம். நீ முன்பு இப்படி இல்லையே என்ற சொல்லில் பெரும்பாலும் பகை இருக்காது. உங்களை இழந்துவிடுவோமோ என்ற அச்சமே இருக்கும். உங்கள் முடிவை ஒரே மூச்சில் பிரகடனம் செய்யாமல், உங்களிடம் கேட்கிறேன், இதை ஆறு மாதம் முயன்று பார்க்க விரும்புகிறேன், உங்கள் மீதுள்ள அன்பில் இதனால் மாற்றமில்லை என்று அமைதியாகச் சொல்லுங்கள். சமூக ஊடகங்களில் அறிவிப்பதைச் சோதனைக் காலம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். வேர் பிடிக்காத முடிவு, பாராட்டாலும் கெடும், ஏளனத்தாலும் கெடும்.

மீண்டும் தளர்வு வரும்போது

எய்திய நிலை நிரந்தரமானது அன்று. க்ரோகர், மார்ட்டினுசென், முதல் படியில் கண்ட மார்சியா ஆகிய ஆய்வாளர்கள் 2010 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, இளமைப் பருவத்தை எட்டியவர்களில் பெரும்பகுதியினர் இன்னும் எய்திய நிலையை அடைந்திருக்கவில்லை என்று கண்டார்கள். இருபத்தைந்து வயதில் தெளிவில்லை என்று தம்மைக் கடிந்துகொள்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். 2013 இல் வெளியான மற்றோர் ஆய்வில், 18 முதல் 68 வயது வரையுள்ள 19,000 பேருக்கு மேற்பட்டோரிடம் கடந்த பத்தாண்டில் எவ்வளவு மாறினீர்கள், வரும் பத்தாண்டில் எவ்வளவு மாறுவீர்கள் என்று கேட்கப்பட்டது. எல்லா வயதினரும், இதுவரை நிறைய மாறிவிட்டோம், இனி அவ்வளவாக மாற மாட்டோம் என்றே மதிப்பிட்டார்கள். பணி ஓய்வு, பிரிவு, நோய், புலம்பெயர்வு, பிள்ளைப்பேறு ஆகிய ஒவ்வொன்றும் உறுதியாக இருந்த ஒரு துறையை மீண்டும் தேடல் நிலைக்குத் தள்ளக்கூடும்.

அப்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதில்லை. முதற்படியில் எழுதிய தாளை எடுத்து, தளர்ந்திருப்பது எந்தத் துறை என்று பார்த்து, அந்த ஒன்றுக்கு மட்டும் நான்காம் படியின் குறிப்பேட்டை மறுபடி தொடங்குங்கள். மற்ற துறைகளில் செய்துவரும் வேலையை அதே காலத்தில் விடாமல் தொடருங்கள். குறிப்பேட்டில் வந்து விழும் சான்றுகளில் பாதி அங்கிருந்துதான் வரும்.